கடைசிச் சீட்டில் தட்டினவன்

கார்டேனா ஊரில் மேரிகோல்ட் சீட்டாட்டக் கிளப்பின் ஜன்னலோர மேஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்துவிட்டால் உறவு கிடையாது. அண்ணன் தம்பியாக இருக்கட்டும், தாலி கட்டாத குறையாகப் பழகுகிறவர்களாக இருக்கட்டும், சீட்டு கைக்கு வந்துவிட்டால் ஒருத்தரை ஒருத்தர் உரித்துவிட வேண்டும். உரித்து முடித்த பிறகு சேர்ந்து போய்ச் சாப்பிடலாம், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் மேஜையில் யாராவது யாருக்காவது இரக்கம் காட்டினால் போச்சு. திருடினவனைக்கூட அங்கே மன்னிப்பார்கள். இரக்கம் காட்டினவனை மன்னிக்க மாட்டார்கள்.

இது தெரியாத ஆள் இல்லை மிட்சுகி ஓஷிரோ. பத்து வருஷமாக அதே மேஜையில் காலை ஆட்டம் ஆடுகிறவன். ஹவாயில் பிறந்து இங்கே வந்து விமானத் தொழிற்சாலையில் ஆணி சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் ஓய்வு பெற்றவன். ஆணி ஒரு மயிரிழை தூக்கியிருந்தால் அவன் கண் கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்டவன் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வெகு நாளாகிவிட்டது, தனிக்கட்டை. மனுஷனுக்கு ஒரே ஒரு ஆசை: அதே மேஜையில் எதிரே உட்காருகிற வெர்லீன் பட்டீஸ்ட்டைத் தன் வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும். வந்து இருந்துவிடச் சொல்ல வேண்டும்.

வெர்லீன் நியூ ஆர்லியன்ஸ்காரி. பள்ளிக்கூடச் சமையலறையை முப்பது பெண்களை வைத்து ஆட்டிப்படைத்தவள். இப்போது மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள், முழங்கால் வலியோடு. மிட்சுகியின் வீட்டில் படியே கிடையாது. கொல்லையில் அவளுக்குப் பிடித்த வெண்டை போட்டு அது காய்த்தும் தொங்குகிறது. படுக்கையறை அலமாரியில் ஒரு பக்கத்தைக் காலி செய்து துடைத்து வைத்திருக்கிறான். எல்லாம் செய்தானே ஒழிய வாயைத் திறந்து கேட்டபாடில்லை.

ஆட்டத்தில் மட்டும் வெர்லீன் யாருக்கும் பிடிபடாதவள். அந்த ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவில்; பந்தயத்துக்கும் அளவு உண்டு. ஒரு சுற்றுக்கு ஒரு கட்டு, அதாவது குறித்த தொகைக்கான பந்தயச் சில்லு, அதன்மேல் அதே அளவில் மூன்று ஏற்றம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் நடுவில் தள்ளி ஆளை மிரட்டுகிற வேலை நடக்காது. அதனால் இங்கே ஜெயிப்பது என்றால் துளித்துளியாக ஜெயிப்பதுதான். வெர்லீன் ராணி ஜோடி வந்தாலும் ஏற்றுவாள், ஒன்றுக்கும் உதவாத ஏழும் ஆறும் வந்தாலும் சில சமயம் அதே மாதிரி ஏற்றுவாள். முகம் அதே, கை அதே, வேகம் அதே. ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பாள், பிறகுதான் சில்லு நகரும். வீட்டுக்குப் போக அவசரம் போலிருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள்.

ரகசியத்தை மிட்சுகியிடம் மட்டும் ஒருநாள் சாப்பிடும்போது சொல்லியிருந்தாள். "வெறுங்கை வந்தா முள்ளப் பாப்பேன். நொடி முள்ளு மேல வலது பக்கம் இருந்தா துணிஞ்சு கட்டுவேன், இல்லன்னா கவுத்துடுவேன். நானா முடிவு பண்ணினா என் மூஞ்சி காட்டிக்குடுத்துடும். முள்ளுக்கு மூஞ்சி ஏது?"

"நல்ல கை வந்தா?"

"நல்ல கைக்கு முள்ளு எதுக்கு? கட்டத்தான் போறேன். ஆனா அப்பவும் பாப்பேன், சும்மா. பாக்கலன்னா நீங்கல்லாம் கண்டுபிடிச்சுட மாட்டீங்க?"

இதற்கு நேர் எதிர் சிம்ப்ளிசியோ. கடற்படைக் கப்பலில் சமையல் பார்த்த பிலிப்பைன்ஸ்காரன், மிட்சுகிக்குப் பக்கத்து நாற்காலி. அவனுக்குத் தந்திரம்தான் உயிர். ஏஸ் ஜோடி வந்தால் ஏற்ற மாட்டான், பூனை மாதிரி பதுங்குவான். அதோடு விடுவானா? பக்கத்திலிருப்பவர்களுக்கு மிட்டாய் நீட்டுவான். கடைசியில் பாய்வான். முதல் இரண்டு தடவை எல்லாரும் ஏமாந்தார்கள். அப்புறம் மேஜைக்கே தெரிந்துவிட்டது: சிம்ப்ளிசியோ சத்தம் போட்டுக் கட்டினால் கையில் காற்று, மிட்டாய் நீட்டினால் கையில் ஏஸ். மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு எல்லாரும் சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். இன்றுவரை அவன் மாற்றிக்கொள்ளவில்லை. "என்னை யாராலும் படிக்க முடியாது" என்று வேறு சொல்லிக்கொள்வான்.

அந்தப் புதன்கிழமை வெர்லீனுக்கு நேரம் சரியில்லை. காலையிலிருந்து நல்ல கை வருவதும் கடைசிச் சீட்டில் நாசமாய்ப் போவதுமாகவே இருந்தது. சில்லு அடுக்கு கரைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் அந்தக் கை வந்தது. மிட்சுகியிடம் ஸ்பேடு ஏஸும் ஸ்பேடு ஒன்பதும். நடுவில் ஐந்து சீட்டும் விழுந்து முடிந்தபோது அதில் மூன்று ஸ்பேடு: ராஜா, எட்டு, மூன்று. ஜோடி எதுவும் இல்லை. ஐந்து ஸ்பேடு, தலையில் ஏஸ். அதை ஜெயிக்க அந்தச் சீட்டுக்கட்டில் வேறு சீட்டே கிடையாது. மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கிவிட்டார்கள், மிச்சம் அவனும் வெர்லீனும்தான்.

முதலில் பேச வேண்டியவள் அவள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள், ஒரு பெருமூச்சு விட்டாள், கட்டவில்லை என்பதற்கு அடையாளமாக மேஜையை விரலால் தட்டினாள்.

அந்தப் பெருமூச்சுதான் மிட்சுகியைக் கெடுத்தது. அவன் கட்டினால் அவள் ஒரு கட்டு போட்டுப் பார்ப்பாள், அதுவும் போகும். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. பாவம், இன்றைக்கு இவ்வளவு போனது போதாதா என்று நினைத்தான். நினைத்ததோடு நிற்கவில்லை. அவனும் மேஜையைத் தட்டிவிட்டான்.

சீட்டைத் திருப்பினான். மேஜையில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அடப்பாவி" என்றான் சிம்ப்ளிசியோ, மெதுவாக.

கடைசிச் சீட்டு. கடைசியாகப் பேசுகிறவன். தோற்கவே முடியாத கை. அப்படிப்பட்ட இடத்தில் தட்டுகிறவனுக்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, எதிராளியோடு உள்கை. இல்லையென்றால் பிச்சை. மேஜையில் இருந்தவர்கள் முதலாவதை நினைத்துப் பார்வையை மாற்றிக்கொண்டார்கள். வெர்லீனுக்கு இரண்டாவது புரிந்துவிட்டது.

"ஏன் கட்டல?" என்றாள்.

"கவனிக்கல."

"நீ கவனிக்காத ஆளா, மிட்சுகி?"

அவன் அசடு வழியச் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது.

"எத்தனை நாளா இது நடக்குது?"

"இது ஒரே தடவைதான், சத்தியமா."

"அத நான் எப்படி நம்புறது? போன வாரம் ராணி ஜோடியில உன்கிட்ட ஜெயிச்சேனே, அது நான் ஜெயிச்சதா? நீ குடுத்ததா? அதுக்கு முன்னாடி? ஊருக்கே சோறு போட்டவ நான். எனக்கு யாரும் போடணும்னு கேட்டேனா?" குரலை உயர்த்தவே இல்லை. சில்லுகளை அள்ளித் தட்டில் போட்டுக்கொண்டு மேஜைகளைப் பார்த்துக்கொள்கிற நோரீனைக் கூப்பிட்டாள். "நோரீன், நடு மேஜையில எனக்கு ஒரு எடம் போடு."

போய்விட்டாள். அன்றைக்கு மிட்சுகி தனியாகச் சாப்பிட்டான். நூடுல்ஸைப் பாதியில் தள்ளி வைத்தான். பத்து வருஷத்தில் அவன் செய்த ஒரே தப்பு அது, அந்த ஒரு தப்பு பத்து வருஷத்தையும் சந்தேகத்தில் தள்ளிவிட்டது. அலமாரி காலியாகவே இருக்கப் போகிறது என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சிம்ப்ளிசியோ தட்டைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தான். "பங்காளி, இதுக்கெல்லாம் மூஞ்சியத் தொங்கப் போடுவாங்களா? அக்காகிட்ட போயி, அது பொறின்னு சொல்லு. பதுங்கினேன்னு சொல்லு."

"கடைசிச் சீட்டுக்கு அப்புறம் என்னய்யா பொறி? எப்பப் பாயறதாம்? சாப்பாட்டுலயா?"

சிம்ப்ளிசியோ யோசித்தான். "சரி, விடு. கண்ணு தெரியலன்னு சொல்லிடு. ஸ்பேடு ஒம்பத கிளாவர்னு நெனச்சுட்டேன்னு சொல்லு. வயசாச்சுல்ல, நம்புவா."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவனுக்குப் பொய் எப்போதுமே நல்ல யோசனையாகத்தான் தெரியும். மறுநாள் காலையில் வெர்லீன் காபி வாங்க வந்தபோது மிட்சுகி போய் நின்றான். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். கண் மங்கிவிட்டது, கறுப்பு எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வெர்லீன் பொறுமையாகக் கேட்டாள். "அய்யோ பாவம்" என்றாள். பிறகு கூடத்தின் அந்தக் கோடியில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பலகையைக் காட்டினாள். "அதுல அடியில என்னமோ பொடி எழுத்துல போட்டிருக்காங்களே, எனக்குத் தெரியல. உனக்கு ஏதாவது தெரியுதா?"

"மாட்டுவால் சூப், வியாழன் மட்டும், கூட ரொட்டி இலவசம்" என்றான் மிட்சுகி. வாய் முந்திக்கொண்டது. முப்பது வருஷம் ஆணி பார்த்த கண்.

வெர்லீன் காபியை எடுத்துக்கொண்டாள். "நேத்து இரக்கம் காட்டின. இன்னிக்குப் பொய் சொல்ற. ரெண்டுல எது மோசம்னு நீயே யோசிச்சு வை." திரும்பிப் போகும்போது அவள் தோள் குலுங்கிய மாதிரி இருந்தது. சிரித்தாளோ என்னவோ, அவனுக்குத் தெரியவில்லை. முகம் எரிந்தது.

தூணோரமாக நின்று நடு மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெர்லீன் ஏற்றினாள், கவிழ்த்தாள், ஏற்றினாள். ஒவ்வொரு தடவையும் அதே மணிக்கட்டு, அதே பார்வை. அவள் கையில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை, ஆனாலும் அவள் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாருக்கும் எப்போதும் ஒரே மாதிரி. தான் ஒரு ஆளுக்கு மட்டும் ஒரு மாதிரி ஆடிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. இதைப் பேசித் தீர்க்க முடியாது. ஆடித்தான் தீர்க்க வேண்டும், அதுவும் ஒரு கை, இரண்டு கை ஆடினால் போதாது. அவளிடமும் அடுத்தவனிடம் ஆடுகிற மாதிரியே ஆட வேண்டும், அவள் பெருமூச்சு விட்டாலும் விடாவிட்டாலும்.

நோரீனிடம் போய் நடு மேஜையில் தன் பெயரைப் போடச் சொன்னான்.

நோரீன் தலையைச் சொறிந்தாள். "ராசா, நேத்து நடந்தது எல்லாருக்கும் தெரியும். உங்க ரெண்டு பேரையும் ஒரே மேஜையில போட்டா என்கிட்ட சண்டைக்கு வருவாங்க."

அங்கிருந்தே வெர்லீன் சொன்னாள், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "உக்காரட்டும் நோரீன். எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

உட்கார்ந்தான். முதல் நல்ல கையிலேயே அவள் கட்டினதற்குமேல் ஏற்றினான், அவள் கவிழ்த்தாள். அடுத்ததில் அவள் ஏற்றினாள், அவனிடம் சரக்கு இல்லை, கவிழ்த்தான். மத்தியானத்துக்குள் அவளிடம் கொஞ்சம் பிடுங்கினான், அவளும் அவனிடம் கொஞ்சம் பிடுங்கினாள். மறுநாளும் அப்படியே. ஒரு தடவை அவன் வெறுங்கையோடு துணிந்து கட்டினான், அவள் கண்டுகொண்டு ஜெயித்தாள். சில்லுகளை இழுத்துக்கொள்ளும்போது முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தாள். அது அவள் ஜெயித்தது, யாரும் கொடுத்ததில்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மிட்சுகிக்குத் தோற்றதில் அவ்வளவு சந்தோஷம் அதுவரை வந்ததில்லை.

சிம்ப்ளிசியோவும் சும்மா இருக்கப் பிடிக்காமல் அந்த மேஜைக்கே வந்து சேர்ந்தான். ஒருமுறை மிட்டாய் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்ததுதான் தாமதம், மேஜையே சீட்டைக் கவிழ்த்தது.

சனிக்கிழமை அந்தக் கை வந்தது. வெர்லீனுக்கு மறுபடியும் இறங்குமுகம், முன்னால் சில்லு கொஞ்சம்தான் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள், ஏற்றினாள். மிட்சுகி தன் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். இரண்டு ஏஸ். ஏற்றினான். மற்றவர்கள் கழன்றுகொண்டார்கள். அவள் மறுபடி ஏற்றினாள், அதோடு அந்தச் சுற்றின் அளவு முடிந்தது.

நடுவில் மூன்று சீட்டு விழுந்தது: ராஜா, ஏழு, நாலு. அவள் கட்டினாள், அவன் ஏற்றினான், அவள் திருப்பி ஏற்றினாள். அவளிடம் ராஜா இருக்கிறது என்று மிட்சுகிக்குப் பட்டது. இருந்தாலும் ஏஸ் ஜோடியை யாரிடமும் இந்த இடத்தில் விட்டுவிட மாட்டான், அவளிடமும் விடவில்லை. நாலாவது சீட்டு ஏஸ். அவள் கட்டினாள், அவன் ஏற்றினான். இந்தத் தடவை அவள் திருப்பி ஏற்றவில்லை, சரிக்குச் சரி மட்டும் போட்டாள். கடைசிச் சீட்டு, ஒன்றுக்கும் உதவாத ஒன்பது.

மூன்று ஏஸ். நடுவில் ஜோடி இல்லை, ஐந்து ஒரே இனமாகச் சேரவும் வழியில்லை. இதை ஜெயிக்க மறுபடியும் அந்தச் சீட்டுக்கட்டில் வேறு சீட்டு கிடையாது.

வெர்லீன் முடியை ஒதுக்கினாள். பெருமூச்சு விட்டாள். மேஜையைத் தட்டினாள்.

அவள் முன்னால் சரியாக ஒரு கட்டுக்கான சில்லு மிச்சம் இருந்தது. மேஜைக்கு அடியில் சிம்ப்ளிசியோ அவன் காலை மிதித்தான். கட்டு என்று சொல்கிறானா வேண்டாம் என்று சொல்கிறானா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். மேலே மாடிக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறப் போகிறவள் இவள், இன்றைக்கு வெறுங்கையோடு ஏறுவாள். பாவமாக இருந்தது. புதன்கிழமையைவிட அதிகப் பாவமாக இருந்தது.

கட்டினான்.

வெர்லீன் அவனைப் பார்த்தாள், மிச்சமிருந்த சில்லை நடுவில் தள்ளினாள். அவன் ஏஸைத் திருப்பினான். அவள் தன்னுடையதைத் திருப்பினாள்: ராஜா, இன்னொரு ராஜா. மூன்று ராஜாவோடு மண்ணைக் கவ்வியிருக்கிறாள். மேஜை மொத்தமும் அவள் முகத்தையே பார்த்தது.

"ஒரு கட்டுகூட விடல" என்றாள்.

"விடல."

"பாவம்னு தோணலையா?"

"தோணுச்சு. தோணிக்கிட்டேதான் கட்டினேன்."

வெர்லீன் சிரிக்க ஆரம்பித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "என்னை மொட்டையடிச்சுட்டான், பாருங்க" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னாள், ஏதோ பரிசு வாங்கினவள் மாதிரி. தூரத்தில் நின்றிருந்த நோரீனும் சிரித்துவிட்டு வேறு மேஜைக்குப் போனாள். வெர்லீன் எழுந்துகொண்டே மிட்சுகியிடம் சொன்னாள்: "வா, கையில சல்லிக் காசு இல்ல. சாப்பாடு உன் தலையில."

சாப்பிடுகிற மூலையில் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்கள். அவளுக்குப் பீச் பழத்தை மாவுக்குள் வைத்துச் சுடுகிற பை பிடிக்கும், எலுமிச்சைப் பையும் பிடிக்கும். வழக்கம்போலக் கடிகாரத்தைப் பார்த்து எலுமிச்சை என்றாள். பரிமாறுகிறவள் போன பிறகு மிட்சுகி தொண்டையைச் செருமினான்.

"கொல்லையில வெண்டை காய்ச்சுத் தொங்குது."

"சொன்ன, போன மாசமே."

"அலமாரியில ஒரு பக்கம் சும்மாதான் கெடக்கு."

"அதையும் சொன்ன."

"நம்ம வீட்டுல படியும் இல்ல, முழங்காலுக்கு..."

வெர்லீன் முட்கரண்டியைக் கீழே வைத்தாள். "மிட்சுகி, நீ என்கிட்ட எத்தனை மாசமா தட்டிக்கிட்டே இருக்க தெரியுமா? வெண்டைக்காயத் தட்டுற, அலமாரியத் தட்டுற. அங்க கட்டின இல்ல? இங்கயும் கட்டித் தொலை."

மூன்று ஏஸோடு கட்டுவது எவ்வளவோ சுலபம், தோற்காது என்று தெரியும்.

"என் வீட்டுக்கு வந்துடு, வெர்லீன். என்னைக் கட்டிக்கிட்டு வந்தாலும் சரி, கட்டிக்காம வந்தாலும் சரி. நீ இல்லாம அந்த வீடு எனக்குப் பிடிக்கல."

கேட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பார்த்தான். இப்போது திரும்பும், முள் எங்கே இருக்கிறதோ என்று காத்திருந்தான். மணிக்கட்டு திரும்பவில்லை. அவள் கை நீண்டு வந்து அவன் கைமேல் உட்கார்ந்தது.

"வரேன். கட்டிக்கிட்டே வரேன்."

சந்தோஷத்தில் அவன் வாயில் இதுதான் வந்தது: "கடிகாரத்தப் பாக்கலையே?"

"அது வெறுங்கைக்குடா" என்றாள் வெர்லீன்.

"நல்ல கைக்கும் சும்மாவாவது பாப்பேன்னு சொன்ன?"

"அது மேஜையில." எலுமிச்சைப் பையில் பாதியை வெட்டி அவன் தட்டில் வைத்தாள். "உன்கிட்ட எதுக்கு மறைக்கணும்?"